முந்திரித் தோப்பில் தண்டுத் துளைப்பானைக் கண்டுபிடிப்பது எப்படி? புதிதாகத் தோப்பு பார்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இலை மஞ்சளாகிக் கொட்டத் தொடங்கிய பிறகுதான் பெரும்பாலானோர் முந்திரி மரத்தின் தூரைக் குனிந்து பார்க்கிறார்கள். அதற்குள் புழு உள்ளே போய்ப் பல மாதம் ஆகியிருக்கும். பட்டைக்கு அடியில் சுற்றளவில் பாதியைத் தின்று தீர்த்திருந்தால் அந்த மரத்தை எந்த மருந்தும் மீட்காது. இந்தப் பூச்சியை மேலே பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. தரையிலிருந்து இடுப்பு உயரம் வரையும், மண்ணுக்கு வெளியே தெரியும் வேர்களிலும்தான் தேட வேண்டும். அதுவும் சரியான மாதத்தில் தேட வேண்டும்.

கடலூர், அரியலூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் தோப்பு வாங்கியவர்கள், குத்தகைக்கு எடுத்தவர்கள், அப்பா பார்த்துக்கொண்டிருந்த தோப்பை இப்போது கையில் எடுத்தவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதியது இது. பூச்சியை அடையாளம் காண்பதைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறோம். எந்த மரத்தில் எந்த நிலையில் பூச்சி இருக்கிறது என்று தெரியாமல் மருந்துக்குச் செலவழிப்பது வீண்.

1. எதைத் தேடுகிறோம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

முந்திரி மரத்தை அதிகம் கொல்வது தண்டு மற்றும் வேர்த் துளைப்பான். அறிவியல் பெயர் நியோபிளோகேடரஸ் ஃபெருஜினியஸ். பழைய கையேடுகளில் பிளோகேடரஸ் என்றிருக்கும், இரண்டும் ஒன்றுதான். நீண்ட உணர்கொம்பு உள்ள வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் நான்கு பருவங்களும் தோப்பில் நான்கு விதமாகக் கண்ணில் படும்.

முட்டை: அழுக்கு வெள்ளை நிறத்தில் அரிசி மணி போல இருக்கும். உரிந்து நிற்கும் பட்டையின் இடுக்கிலும், தூரை ஒட்டிய வெடிப்பிலும், வெளியே தெரியும் வேரிலும் தாய் வண்டு இடும். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்குள்தான் பெரும்பாலும் கிடைக்கும். ஒரு வாரத்துக்குள் பொரித்துவிடும் என்பதால் முட்டையைக் கண்ணால் பார்ப்பது அரிது. பார்த்துவிட்டால் நசுக்கிவிடுங்கள், அதைவிட மலிவான வைத்தியம் இல்லை.

புழு: வெள்ளையோ வெளிர் மஞ்சளோ கலந்த உடல், கரும்பழுப்புத் தலை, தலைப்பக்கம் அகலம். வளர்ந்த புழு ஏழெட்டு சென்டிமீட்டர் நீளம் வரை போகும். ஆறேழு மாதம் இந்தப் பருவத்திலேயே இருக்கும். கேடு முழுவதையும் செய்வது இதுதான். முதலில் பட்டைக்கு அடியில் உள்ள மெல்லிய உயிர்த்திசுவைத் தின்று கோணல்மாணலாக வழி போடும். வளர வளரக் கட்டைக்குள்ளும் வேருக்குள்ளும் இறங்கும்.

கூட்டுப்புழு: வைரப்பகுதியிலோ வேரிலோ, சுண்ணாம்பால் கட்டிய கெட்டியான ஓட்டுக்குள் இருக்கும். பட்டுப்போன மரத்தைப் பிளக்கும்போது விரல் நீளத்தில் வெள்ளை ஓடு கிடைத்தால் பூச்சி எதுவென்று இனி யாரையும் கேட்க வேண்டியதில்லை.

வண்டு: செம்பழுப்பு நிறம், தலையும் கழுத்துப்பகுதியும் கருமை, நீளம் இரண்டரை முதல் நான்கு சென்டிமீட்டர். பகலில் வெளியே சுற்றுவது குறைவு. வண்டைப் பார்த்தபின் நடவடிக்கை எடுக்கலாம் என்று காத்திருந்தால் பல வருடம் காத்திருக்க நேரும்.

2. எந்த மாதத்தில் பார்ப்பது

வருடம் முழுவதும் ஏதாவது ஒரு பருவத்தில் பூச்சி மரத்தில் இருக்கும். ஆனால் முட்டையிடுவது வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு சூடுபிடிக்கும். மார்கழி கடைசியிலிருந்து வைகாசி வரை அதிகம். அதை வைத்துத் திட்டமிடுங்கள்.

முதல் பார்வை தை மாதத்தில். கொட்டை பொறுக்க வசதியாக மரத்தடியைச் செத்தி, களை எடுத்துச் சுத்தம் செய்வீர்கள் அல்லவா, அந்த வேலையோடு சேர்த்தே செய்யுங்கள். சருகு நீங்கியபின் தூர் தெளிவாகத் தெரியும், தனியாக ஆள்கூலியும் ஆகாது.

பிறகு வைகாசி வரை மாதம் ஒருமுறை. அறுவடைக் காலத்தில் மரத்துக்கு மரம் குனிந்து கொட்டை பொறுக்கும் பெண்கள்தான் தூரில் கிடக்கும் தூளை முதலில் பார்ப்பார்கள். தூள் எப்படி இருக்கும் என்று ஒருமுறை கையில் வைத்துக் காட்டிவிடுங்கள். பார்த்த மரத்தில் ஒரு துணியைக் கட்டச் சொல்லுங்கள்.

ஆனி முதல் ஐப்பசி வரை இரண்டு முறை பார்த்தால் போதும். ஆனால் அதை விட்டுவிடக் கூடாது. சித்திரையில் விழுந்த முட்டையின் புழு ஆவணி, புரட்டாசியில்தான் பெரிதாகித் தூளை நிறையத் தள்ளும். தை மாதம் தப்பவிட்டவர்களுக்கு இது இரண்டாவது வாய்ப்பு.

மழை பெய்த மறுநாள் போகாதீர்கள். தூள் கரைந்தோ மண்ணோடு கலந்தோ போயிருக்கும். மழை விட்டு நாலைந்து நாள் கழித்துப் போனால் புதுத் தூள் மட்டும் பளிச்சென்று தெரியும்.

3. கையில் எடுத்துப்போக வேண்டியவை

பெரிய செலவு ஒன்றுமில்லை. ஓர் அங்குல உளி, சுத்தியல், சின்னக் கொத்தரிவாள், மண்ணைக் கிளறக் களைக்கொத்து, கம்பித் தூரிகை, டார்ச், சாக்பீஸ், ஒரு டப்பா பெயிண்ட், அகலவாய்ப் பிளாஸ்டிக் டப்பா இரண்டு, நோட்டு. பழைய சைக்கிள் சக்கரத்தின் ஸ்போக்ஸ் கம்பி ஒன்றை எடுத்து நுனியைக் கொக்கியாக வளைத்துக்கொள்ளுங்கள். துளைக்குள் விட்டுப் புழுவைக் குத்தி இழுக்க இதைவிடப் பொருத்தமான கருவி கடையில் கிடைப்பதில்லை.

கையுறை கட்டாயம். முந்திரிப் பட்டையிலிருந்து கசியும் பால் சிலருக்குத் தோலைப் புண்ணாக்கும். கையுறை இல்லையென்றால் தேங்காய் எண்ணெயாவது தடவிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

தோப்பில் மரங்களுக்கு எண் இல்லையென்றால் முதலில் எண் போடுங்கள். வரிசைக்கு ஓர் எழுத்து, மரத்துக்கு ஓர் எண், தெற்குப் பக்கமாக நெஞ்சு உயரத்தில். பழைய கொட்டைக்கன்றுத் தோப்புகளில் வரிசையே இருக்காது. அங்கே வேலி ஓரத்திலிருந்து சுற்றி வந்து எண் போடுங்கள். எண் இல்லாத தோப்பில் போன மாதம் தூள் இருந்த மரம் எது என்பதை யாராலும் நினைவில் வைத்திருக்க முடியாது. இந்த ஒரு வேலையைச் சோம்பலில் விட்டவர்கள்தான் ஒரே மரத்தை மூன்று முறை செதுக்கிவிட்டுப் பக்கத்து மரத்தைச் சாகக் கொடுக்கிறார்கள்.

4. மரத்தடியில் பார்க்கும் முறை

ஒரு மரத்துக்கு மூன்று, நான்கு நிமிடம் ஒதுக்குங்கள். பத்துப் பதினைந்து வயது தாண்டிய மரங்கள், வேர் வெளியே தெரியும் மரங்கள், காற்றில் சாய்ந்த மரங்கள், டிராக்டர் கலப்பை தூரையோ வேரையோ கீறிய மரங்கள், ஏற்கனவே பட்டுப்போன மரத்துக்கு அண்டையில் நிற்கும் மரங்கள் ஆகியவற்றை முதலில் பாருங்கள். பூச்சி விழுந்த மரத்தைச் சுற்றியுள்ள மரங்களில்தான் அடுத்து விழுவது வழக்கம்.

முதலில் மரத்தைச் சுற்றி ஒரு முறை நடங்கள், தூரிலிருந்து ஒரு முழம் வரையுள்ள தரையை மட்டும் பார்த்துக்கொண்டு. சருகைக் கையால் விலக்குங்கள். செம்பழுப்புத் தூளோ நார்ச்சக்கையோ கிடக்கிறதா? பிறகு முழங்காலிட்டு, தரை மட்டத்திலிருந்து மேல்நோக்கிப் பட்டையைப் பாருங்கள். தாழக் கிளைத்த மரமாக இருந்தால் உள்ளே தவழ்ந்துதான் போக வேண்டும். வெளியில் நின்று எட்டிப் பார்த்தால் பின்பக்கம் தெரியாது. அந்தப் பின்பக்கத்தில்தான் துளை இருக்கும்.

தேட வேண்டிய அடையாளங்கள், பூச்சி வளரும் வரிசையில்:

முதல் மாதமும் அதற்குச் சற்று மேலும்: பட்டை வெடிப்பில் துளித்துளியாகப் பிசின். அதில் மாவு போன்ற பழுப்புத் தூள் ஒட்டியிருக்கும். முந்திரி எந்தக் காயத்திலும் பிசின் விடும் மரம். வெறும் பிசின் என்றால் கண்ணாடி போலத் தெளிவாகவோ தேன் நிறத்திலோ இருக்கும். விரலில் எடுத்து நசுக்கிப் பாருங்கள். மணல்போல நெருடினால் புழு உள்ளே இருக்கிறது. மொத்த வேலையிலும் மிகவும் மதிப்புள்ள அடையாளம் இதுதான். இந்த நிலையில் கண்டுபிடித்த மரம் அநேகமாகப் பிழைத்துவிடும்.

இரண்டு மூன்று மாதம்: சிறு துளைகள் தெரியும். அவற்றிலிருந்து தூள் தள்ளப்பட்டுத் தூரில் குவியும். தூள் இப்போது கரடுமுரடாக, நார் கலந்து இருக்கும். பட்டையைச் சுத்தியலின் பின்பக்கத்தால் மெல்லத் தட்டினால் ஓரிடத்தில் ஓசை மாறும். கெட்டியான ஓசை போய்ப் பொத்தென்று கேட்கும். அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள்.

அதற்குமேல்: கை நிறைய அள்ளும் அளவுக்குச் சக்கை, பட்டை தானாக வெடித்துக் கழன்று நிற்பது, ஒரு பக்கத்துக் கிளைகளில் மட்டும் இலை மஞ்சளாவது, நுனிக் கிளைகள் காய்வது. மரம் முழுவதும் மஞ்சளாகிவிட்டால் கடைசிக் கட்டம்.

பட்டையில் ஒன்றும் தெரியவில்லை என்றால் களைக்கொத்தால் தூரைச் சுற்றி நான்கு விரற்கடை ஆழத்துக்கு மண்ணை விலக்குங்கள். புழு வேரில் இருந்தால் தூள் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். விலக்கிய மண்ணில் ஈரமான நார்த்தூள் கலந்திருந்தால் அந்த வேரைத் தொடர்ந்து பாருங்கள். ‘தூளே இல்லை, ஆனால் மரம் திடீரென்று பட்டுவிட்டது’ என்று சொல்லப்படும் மரங்களில் பல, இப்படி வேரில் புழு விழுந்தவை.

பிறகு வட்டமிட்ட இடத்தைத் திறந்து பாருங்கள். உளியைச் செங்குத்தாக அடிக்காதீர்கள். பட்டைக்கு இணையாகப் படுக்கவைத்து, மேலிருந்து கீழாகச் சீவுங்கள். நல்ல பட்டையின் உட்பக்கம் இளஞ்சிவப்பாக ஈரமாக இருக்கும். பூச்சி தின்ற இடம் கரும்பழுப்பாக, இறுகப் பொதிந்த தூளோடு இருக்கும். அந்தத் தூளைக் கம்பியால் நோண்டிக்கொண்டே போனால் வழி வளைந்து வளைந்து போகும். தூள் உலர்ந்து கறுத்திருக்கும் பக்கம் புழு வந்த வழி, ஈரமாக வெளிறியிருக்கும் பக்கம் புழு போன வழி. ஈரத்தைப் பின்தொடருங்கள். வழி முடியும் இடத்தில் புழு சுருண்டு கிடக்கும்.

ஒரு புழு கிடைத்ததும் நிறுத்திவிடாதீர்கள். ஒரே மரத்தில் வெவ்வேறு அளவில் பத்துப் புழு கிடைப்பது அதிசயமில்லை. தூரின் நான்கு பக்கத்தையும் தட்டிப் பார்த்த பிறகே அடுத்த மரத்துக்குப் போங்கள்.

5. புழு உள்ளே இருக்கிறதா, போய்விட்டதா?

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. போன வருடத்துத் தூளைப் பார்த்து இந்த வருடம் செதுக்கினால் மரத்துக்குக் காயம்தான் மிச்சம்.

கிடக்கும் தூள் அத்தனையையும் தூரிகையால் சுத்தமாகப் பெருக்கிவிடுங்கள். துளைகளைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். நோட்டில் மரத்தின் எண்ணையும் தேதியையும் எழுதிவிட்டு மூன்றாம் நாள் வாருங்கள். புதுத் தூள் விழுந்திருந்தால் புழு உயிரோடு இருக்கிறது. விழவில்லை என்றால் ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். அப்போதும் இல்லையென்றால் புழு செத்திருக்கலாம், கூட்டுப்புழுவாகியிருக்கலாம், வண்டாகி வெளியேறியிருக்கலாம்.

வெளியேறிவிட்டதா என்பதைத் துளையே சொல்லிவிடும். தூள் தள்ளும் துளை சிறியது, ஒழுங்கற்றது, வாயில் தூள் அடைத்திருக்கும். வண்டு வெளியேறிய துளை பெரியது, சுண்டுவிரல் நுழையும் அளவு, விளிம்பு சுத்தமாக இருக்கும், உள்ளே தூள் இருக்காது. இந்தத் துளை இருக்கும் மரத்தைப் பார்த்தால் சுற்றியுள்ள எட்டு மரங்களை அன்றே பாருங்கள். வண்டு அங்கேதான் முட்டையிட்டிருக்கும்.

சத்தமில்லாத காலை வேளையில் தூரில் காதை வைத்தால் பெரிய புழு கட்டையை அரிக்கும் கரகரப்பு சில சமயம் கேட்கும். கேட்டால் உறுதி, கேட்காவிட்டால் அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

6. துளைப்பான் என்று ஏமாற வைப்பவை

மரம் காய்கிறது என்றதும் துளைப்பான் மருந்து வாங்க ஓடாதீர்கள். கீழே உள்ளவற்றில் எதுவாகவும் இருக்கலாம்.

பட்டை தின்னும் புழு: இது வண்டு அல்ல, அந்துப்பூச்சியின் புழு. கிளைக்கவட்டில், பட்டையின் மேலேயே பட்டு நூலும் எச்சமும் கலந்து நாடாபோல ஒட்டியிருக்கும். நாடாவைத் துடைத்தால் அதன் அடியில் பட்டை சுரண்டப்பட்டிருக்கும், முடிவில் ஒரு குறுகிய துளை இருக்கும். தண்டுத் துளைப்பான் ஒருபோதும் இப்படிப் பட்டு நாடா கட்டாது.

கரையான்: பட்டைமேல் மண் பூச்சு. சுரண்டினால் உள்ளே கரையானே இருக்கும். பெரும்பாலும் காய்ந்த பட்டையைத்தான் தின்றுகொண்டிருக்கும். ஆனால் மண் பூச்சைச் சுரண்டாமல் போய்விடாதீர்கள். துளைப்பான் கெடுத்த பட்டையில் கரையான் பிறகு வந்து ஏறி, துளையை மறைத்திருக்கும்.

தேயிலைக் கொசு: பெயர்தான் கொசு, இது சாறு உறிஞ்சும் பூச்சி. தளிரும் பூங்கொத்தும் நுனியிலிருந்து கருகிக் காயும். தை, மாசியில் துளிர் விடும் காலத்தில் வரும். இளந்தண்டில் கரும்பழுப்புக் கீறல் புள்ளிகள் இருக்கும். தூர் சுத்தமாக இருக்கும். மரம் முழுக்க நுனிகள் மட்டும் கருகினால் இதைச் சந்தேகியுங்கள்.

இளஞ்சிவப்பு நோய்: மழைக்காலத்தில் கிளைப்பட்டையில் வெண்மையோ இளஞ்சிவப்போ கலந்த பூஞ்சைப் படலம். அந்தக் கிளை மட்டும் காயும்.

ஊசித் துளை வண்டுகள்: காய்ந்துகொண்டிருக்கும் கிளையிலும் தண்டிலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலத் துளைகள் நிறைய. தூள் வெள்ளை மாவாக இருக்கும், சில சமயம் குச்சிபோல நீட்டிக்கொண்டு நிற்கும். இவை பெரும்பாலும் ஏற்கனவே நலிந்த மரத்தைத் தேடி வருபவை. இவற்றை விரட்டுவதைவிட மரம் ஏன் நலிந்தது என்று தூரைப் பாருங்கள்.

மாமரத் தண்டுத் துளைப்பான்: பாட்டோசெரா ருஃபோமகுலேட்டா. மா, பலா, முந்திரி மூன்றும் கலந்து நிற்கும் பண்ருட்டித் தோப்புகளில் இதையும் எதிர்பார்க்க வேண்டும். வண்டு பெரியது, ஐந்து சென்டிமீட்டர் வரை வரும், சாம்பல் கலந்த பழுப்பு, கழுத்துப்பகுதியில் இரண்டு ஆரஞ்சுப் புள்ளிகள். புழுவை வைத்துப் பிரித்தறிவது புதியவர்களுக்குக் கடினம். ஆனால் இதற்குச் சுண்ணாம்பு ஓடு கிடையாது. கட்டைக்குள் வெறும் அறையில்தான் கூட்டுப்புழு இருக்கும். ஓடு கிடைத்தால் முந்திரித் துளைப்பான், ஓடில்லாத பெரிய கூட்டுப்புழு கிடைத்தால் இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். மரத்தைச் செதுக்கிப் புழுவை எடுக்கும் வேலை இரண்டுக்கும் ஒன்றுதான். இது என்று தெரிந்தால் பக்கத்து மாமரங்களையும் பார்க்க வேண்டும், அவ்வளவு வித்தியாசம்.

7. காப்பாற்றுவதா, வெட்டுவதா

திறந்து பார்த்த பட்டையை அளந்து முடிவெடுங்கள், மனதைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். சணல் கயிற்றால் தூரின் சுற்றளவை அளங்கள். பட்டை கெட்டுப்போன அகலங்களை எல்லாம் கூட்டுங்கள். பாதிக்குக் குறைவு, இலைகளும் பச்சையாக இருக்கின்றன என்றால் வைத்தியம் பாருங்கள். பாதிக்கு மேல் போய்விட்டது, அல்லது தழையில் பாதிக்கு மேல் மஞ்சள் என்றால் அந்த மரம் மீளாது. அதில் செலவிடும் ஆள்கூலியைப் பக்கத்து மரத்தில் செலவிடுங்கள்.

‘இந்த வருடக் கொட்டையை எடுத்துவிட்டு வெட்டலாம்’ என்ற எண்ணம் பலருக்கும் வரும். பங்குனி, சித்திரை முழுவதும் அந்த மரம் வண்டுகளை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். நாலு கிலோ கொட்டைக்காக நாலு மரத்தைக் கொடுக்கும் கணக்கு அது. முட்டையிடும் காலம் தொடங்குவதற்கு முன், கார்த்திகை, மார்கழியிலேயே செத்த மரங்களை வெளியேற்றுவதுதான் சரி. அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது இந்தக் களையெடுப்பு நடக்க வேண்டும்.

8. வைத்தியமும் அதற்கான அளவும்

காப்பாற்றக்கூடிய மரத்தில், கெட்ட பட்டையை மட்டும் சீவி எடுத்து, வழியைத் தொடர்ந்து போய்ப் புழுக்களைக் கொல்லுங்கள். நல்ல பட்டையை வளையமாகச் சீவிவிடாதீர்கள். சுற்றிலும் பட்டை உரிந்தால் புழு கொல்லாத மரத்தை நீங்கள் கொன்றுவிடுவீர்கள். சீவிய பட்டை, சக்கை, முட்டை எல்லாவற்றையும் கோணியில் அள்ளி எரித்துவிடுங்கள்.

பூச்சி விழாத மரங்களுக்கு 5 சதவீத வேப்பெண்ணெய்க் கரைசல். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 மில்லி வேப்பெண்ணெய், 5 கிராம் காதி சோப்பு. சோப்பை முதலில் வெந்நீரில் கரைத்து, அதில் எண்ணெயை ஊற்றிப் பால்போல ஆகும்வரை அடித்து, பிறகு தண்ணீரைச் சேருங்கள். எண்ணெயை நேராகத் தண்ணீரில் ஊற்றினால் மேலே மிதக்கும். முதல் மரத்துக்கு எல்லா எண்ணெயும், கடைசி மரத்துக்கு வெறும் தண்ணீரும் போகும். உரிந்து தொங்கும் பட்டையைக் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு, ஒரு மீட்டர் உயரம் வரையும் வெளிவேர்களிலும் துணியால் நன்றாகப் பூசுங்கள். தை–மாசி, வைகாசி–ஆனி, ஆவணி–புரட்டாசி என்று வருடம் மூன்று முறை.

7 மீட்டருக்கு 7 மீட்டர் இடைவெளியில் நட்ட தோப்பில் ஏக்கருக்குச் சுமார் 80 மரம் வரும். வளர்ந்த மரத்துக்கு ஒன்றரை லிட்டர் கரைசல் என்று வைத்தால் 120 லிட்டர். அதற்கு 6 லிட்டர் வேப்பெண்ணெய், 600 கிராம் சோப்பு. வருடத்துக்கு ஏக்கருக்கு 18 லிட்டர் எண்ணெய். கூலி ஊருக்கு ஊர் வேறு என்பதால் ஆள்கணக்கில் சொல்வதே சரி. 80 மரத்தைப் பார்வையிட ஒரு ஆளுக்கு ஒரு நாள் போதும். பூச இரண்டு ஆள். புழு விழுந்த மரத்தைச் செதுக்கி முடிக்க மரத்துக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அதை நாள்கூலிக்கு விட்டுவிட்டு நீங்கள் வீட்டில் இருக்க முடியாது, பக்கத்தில் நிற்க வேண்டும்.

தார் ஒரு பங்கு, மண்ணெண்ணெய் இரண்டு பங்கு கலந்து பூசும் முறையும் பரிந்துரையில் உண்டு. ஆனால் புதியவர்களுக்கு வேப்பெண்ணெயே நல்லது. கருந்தார் பூசிய தூரில் பழுப்புத் தூள் தொடங்கும்போது கண்ணுக்குத் தெரியாது. அடையாளம் கண்டு பழக வேண்டிய வருடத்தில் அது இடைஞ்சல்.

பழைய துண்டுப்பிரசுரங்களில் கார்பரில் பூசச் சொல்லியும், மோனோகுரோட்டோபாஸை வேர்வழி கொடுக்கச் சொல்லியும் இருக்கும். கார்பரிலுக்கு 2018-இலும், மோனோகுரோட்டோபாஸ் 36 எஸ்.எல். வகைக்கு 2023-இலும் மத்திய அரசு தடை போட்டுவிட்டது. யாராவது பழைய சரக்கைக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். செதுக்கிய இடத்தில் பூச இப்போது எந்த மருந்து அனுமதியில் இருக்கிறது என்பதை விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்டு, எழுதி வாங்கிக்கொண்டு கடைக்குப் போங்கள். மருந்துக்குப் பில் கட்டாயம் வாங்குங்கள். பழம் விழும் மாதங்களில் தூரில் ரசாயன மருந்து வேண்டாம். அதே மண்ணில்தான் பழமும் கொட்டையும் விழுகின்றன, பிள்ளைகள் எடுத்துத் தின்பார்கள், ஆடு மேயும்.

துளைக்குள் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ ஊற்றிச் சிமெண்டால் அடைப்பது ஊரெல்லாம் செய்யும் வேலை. வழி முழுக்கத் தூள் இறுகி அடைத்திருப்பதால் ஊற்றியது சில அங்குலத்தில் நின்றுவிடும், புழு வேறு பக்கம் இருக்கும். தூள் வெளிவரும் துளையும் அடைபட்டுவிடுவதால் அதன்பின் கண்டுபிடிக்கவும் முடியாது. நெல்லுக்குப் போடும் செல்பாஸ் மாத்திரையைத் துளையில் வைக்கச் சொல்பவர்களும் உண்டு. அதிலிருந்து வரும் பாஸ்பீன் வாயு ஆளைக் கொல்லும். தொடாதீர்கள்.

9. காகிதங்களும் மாதிரியும்

நோட்டில் ஆறு பத்தி போதும்: தேதி, மர எண், பார்த்த அடையாளம், கிடைத்த புழு எண்ணிக்கை, பட்டை கெட்ட அளவு, செய்த வேலை. ஒவ்வொரு மரத்துக்கும் இரண்டு படம்: தூர் முழுவதும் ஒன்று, துளை பக்கத்தில் ஐந்து ரூபாய் நாணயம் வைத்து ஒன்று. அதிகாரி வரும்போது துளை அழிந்துபோயிருக்கலாம், படம் பேசும்.

பூச்சி எதுவென்று சந்தேகம் இருந்தால் ஆராய்ச்சி நிலையத்துக்கு மாதிரி கொண்டுபோங்கள். வண்டைக் காய்ந்த டப்பாவில் பஞ்சு வைத்துப் போடலாம். புழுவை அப்படியே பிளாஸ்டிக் பையில் கொண்டுபோனால் வழியிலேயே கறுத்து அழுகிவிடும். கொதித்து இறக்கிய வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து, மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டில் முங்க வையுங்கள். அதே மரத்தின் தூள் ஒரு கைப்பிடி, கெட்ட பட்டைத் துண்டு ஒன்று, தனித்தனிக் காகிதப் பொட்டலத்தில். டப்பாவின்மேல் மர எண், தேதி, ஊர். திங்கள் முதல் வெள்ளி வரை காலை வேளையில் போனால் பூச்சியியல் ஆளைப் பார்க்க வாய்ப்பு அதிகம். போகும் முன் போன் செய்துவிடுங்கள்.

வெட்டிய மரத்துக்குப் பதில் ஒட்டுக்கன்று நட மானியம் கேட்பதானால் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தக நகல், புகைப்படம் கேட்பார்கள். நோட்டையும் படங்களையும் கூடவே கொண்டுபோங்கள். மரத்தை வெட்டியபின் போகாமல், வெட்டும் முன்பே ஒருமுறை சொல்லிவிடுவது நல்லது.

குத்தகைத் தோப்பு என்றால் முன்பணம் கொடுப்பதற்கு முன் தோப்பைச் சுற்றி வந்து பட்ட மரங்களையும் வெட்டிய அடிக்கட்டைகளையும் எண்ணுங்கள். ஒப்பந்தத்தில் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்: பூச்சியால் பட்ட மரத்தை யார் வெட்டுவது, விறகு யாருக்கு. இது எழுதப்படாத தோப்பில் உரிமையாளர் வெட்ட விடமாட்டார், குத்தகைதாரர் செலவு செய்யமாட்டார், பூச்சி பெருகும்.

10. வெட்டிய மரத்தை என்ன செய்வது

மரத்தை வெட்டியதும் புழு செத்துவிடாது. கட்டைக்குள் இருக்கும் வளர்ந்த புழு அங்கேயே கூட்டுப்புழுவாகி, வண்டாகி வெளியே வரும். வெட்டிய விறகை வியாபாரி வரும்வரை தோப்பு ஓரத்தில் அடுக்கி வைத்தால் பூச்சியை நீங்களே சேமித்து வைக்கிறீர்கள். தூர்ப்பகுதியிலிருந்து ஒரு மீட்டர் நீளத்தை முதலில் பிளந்து, புழுவையும் சுண்ணாம்பு ஓட்டையும் பொறுக்கி நசுக்குங்கள். மீதியை அன்றோ மறுநாளோ தோப்பை விட்டு வெளியே ஏற்றிவிடுங்கள்.

அடிக்கட்டையை மண் மட்டத்தில் விட்டுவிடுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. புழுவில் பாதி வேரில் இருக்கும். ஜேசிபி வைத்து அடிக்கட்டையைப் பக்க வேர்களோடு பெயர்த்தெடுங்கள். நாலைந்து மரம் சேர்த்து ஒரே நாளில் செய்தால் வாடகை கட்டுப்படியாகும். வண்டி வர வழியில்லாத தோப்பில் தூரைச் சுற்றித் தோண்டி, பக்க வேர்களை வெட்டியெடுத்துப் பிளந்து அங்கேயே எரியுங்கள். குழியை மூடுவதற்கு முன் மண்ணில் விழுந்த புழு, ஓடு இருக்கிறதா என்று ஒருமுறை கிளறிப் பாருங்கள்.

வைத்தியம் பார்த்த மரங்களைப் பதினைந்து நாள் கழித்தும், ஒரு மாதம் கழித்தும் மறுபடி பாருங்கள். புதுத் தூள் இருந்தால் தப்பிய புழு இருக்கிறது என்று அர்த்தம், அதே இடத்தில் தொடங்கி ஈரத்தூளைப் பின்தொடருங்கள். மூன்று மாதம் தூள் இல்லாமல், சீவிய விளிம்பில் புதுப்பட்டை உருண்டு மூடத் தொடங்கியிருந்தால் நோட்டில் அந்த எண்ணைச் சுழித்துவிட்டு மற்ற மரங்களோடு வழக்கமான மாதப் பார்வையில் சேர்த்துக்கொள்ளலாம்.